பங்காய்த் தீவின் சிறு மீன்

தேச விஷயங்களைப் பேசுவதற்கென்று ஏற்பட்ட இப்பகுதியில் ஒரு மீனைப் பற்றி நாம் எழுதப் புகுவதைக் கண்டு வாசகர்களிற் சிலர் வியப்படையலாம். சிலர் நகைக்கவும் கூடும். அதுவும் திமிங்கிலமன்று, சுறாவன்று. நான்கு விரற்கடை நீளத்திற்கு மேல் வளராததும், உணவுக்கென்று யாரும் தேடிப் பிடிக்காததுமான ஒரு சின்னஞ்சிறு மீன். ஆயினும் ஒரு கரையோர ஜனசமூகத்தின் செல்வம் எந்த வழியாகப் பிறர் கைக்குப் போகிறது, அதைக் காக்கும் பொறுப்பு யாரைச் சார்ந்தது, சுதந்திரம் பெற்ற ஒரு தேசம் தன் கடலின் பால் செலுத்த வேண்டிய கடமை யாது என்னும் பெரிய வினாக்கள் இச்சிறு மீனின் சரித்திரத்தில் அடங்கியிருக்கின்றன. ஆதலால் இன்று சிறிது நேரம் நம் வாசகர்களை இந்தோனேசியாவின் பங்காய்த் தீவுகளுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறோம்.

தீவுகளும் அவற்றின் மீனும்

டச்சுக்காரர் ஆட்சியில் செலிபிஸ் என்று வழங்கிய சுலாவெசித் தீவின் கிழக்கே பங்காய்த் தீவுக் கூட்டம் இருக்கிறது. பெலெங் என்பது அவற்றுள் பெரியது. பங்காய் என்னும் தீவு, கூட்டம் முழுவதற்கும் தன் பெயரைத் தந்திருக்கிறது. சிறியனவும் பெரியனவுமாகப் பல தீவுகள். அவற்றினிடையே ஆழ்ந்த நீரோட்டங்கள். கரையை யொட்டிப் பவளப்பாறைகளும், கடற்புல் வெளிகளும், காற்றடங்கிய சிறு குடாக்களும் காணப்படுகின்றன. கடலையே வீடாகக் கொண்ட பஜாவ் மக்களும், நிலத்தை உழுதும் கடலில் வலைவீசியும் பிழைக்கும் ஏனையோரும் இங்கே வாழ்கிறார்கள்.

இத்தீவுகளின் கரையோரத்திலே, ஓர் ஆள் நின்றால் தலை மூழ்குமோ மூழ்காதோ என்னும்படியான ஆழத்தில், நாம் சொல்ல வந்த மீன் வசிக்கிறது. வெள்ளியைத் தகடாக்கி வெட்டினாற் போன்ற உடல். தலையிலும் உடலிலும் குறுக்காக ஓடும் மூன்று கறுப்புப் பட்டைகள். உடலுக்குப் பொருந்தாத அளவு நீண்ட துடுப்புக்கள். அவற்றின்மேல் வெள்ளைப் புள்ளிகள். ஆழப் பிளந்த வால். முழு வளர்ச்சியடைந்த மீனும் 8 சென்டிமீட்டருக்கு மேல் இராது. கத்தோலிக்க மதத்தின் கார்டினல்மார் அணியும் செவ்வங்கியின் நிறத்தைப் பல இனங்களிற் கண்டு, மேனாட்டார் இம்மீன் குடும்பத்திற்குக் 'கார்டினல் மீன்' என்று பெயரிட்டனர். நம் மீனிடத்தில் சிவப்பு ஒரு துளியும் இல்லையெனினும் குடும்பப் பெயர் அதற்கும் ஒட்டிக்கொண்டது. 'பங்காய்க் கார்டினல்' என்றே உலக வியாபாரிகள் இதை அழைக்கிறார்கள்.

அலையும் வேகமும் மிகுந்த இடத்தை இம்மீன் நாடுவதில்லை. ஓடங்கள் கட்டப்படும் துறை, கிராமத்தின் படித்துறை, பாறைக்கும் கரைக்கும் இடையே தேங்கி நிற்கும் நீர் ஆகிய இவையே இதற்கு உகந்த இடங்கள். பகற்போதில் கூட்டங் கூட்டமாக அசையாமல் நின்று, நீரில் மிதந்துவரும் நுண்ணிய உயிர்களைக் கொத்தித் தின்னும். மனிதன் குடியிருக்கும் கரையை யொட்டியே இதுவும் குடியிருக்கிறதென்பதை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டும். இதன் நன்மையும் தீமையும் அதனின்றே பிறக்கின்றன.

தந்தையின் வாயே தொட்டில்

கடல் மீன்களிற் பெரும்பாலானவை ஆயிரக்கணக்கிலும் லட்சக்கணக்கிலும் முட்டையிட்டு, அவற்றை நீரின் பொறுப்பில் விட்டுவிடுகின்றன. கண்ணுக்குத் தோன்றா அளவுள்ள குஞ்சுகள் நீரோட்டத்தில் வாரக்கணக்காக மிதந்து, எங்கோ ஒரு பாறையில் போய் ஒதுங்குகின்றன. ஒரு பாறையில் மீன் அழிந்தாலும், தூரத்துப் பாறையிற் பிறந்த குஞ்சுகள் வந்து அவ்விடத்தை நிரப்பிவிடும். கடல் தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளும் வழி இது.

பங்காய் மீனின் வழி வேறு. பெண் மீன் நூற்றுக்கும் குறைந்த முட்டைகளையே இடுகிறது. ஆனால் ஒவ்வொரு முட்டையும் மற்ற மீன்களின் முட்டையை நோக்கப் பெரியது. இட்டவுடன் ஆண் மீன் அச்சினைக் கட்டியைத் தன் வாயில் ஏந்திக்கொள்கிறது. ஏறக்குறைய 20 நாட்கள் கழித்து முட்டைகள் பொரிகின்றன. அப்போதும் அது குஞ்சுகளை வெளியே விடுவதில்லை. மேலும் ஒரு வாரம், பத்து நாள் வரை வாயினுள்ளேயே வைத்துக் காக்கிறது. இவ்வளவு காலமும் தந்தை மீன் உணவு கொள்ளாமல் பட்டினி கிடக்கிறது. முடிவில் அது வாயைத் திறக்கும்போது, தாய் தந்தையரின் சாயலை அப்படியே கொண்ட, கறுப்புப் பட்டையும் வெள்ளிப் பளபளப்பும் உள்ள சிறு மீன்கள் வெளியே வருகின்றன. நீரோட்டத்தில் மிதந்து திரியும் பருவம் இவற்றிற்கு இல்லவே இல்லை.

இதன் விளைவு மிகப் பெரியது. எந்தப் பாறையிற் பிறந்ததோ அந்தப் பாறையிலேயே இம்மீன் வாழ்ந்து மடிகிறது. ஆழ்ந்த கால்வாயைக் கடந்து அடுத்த தீவிற்குப் போகும் ஆற்றல் அதற்கில்லை. 2005-ஆம் வருஷத்தில் பிரசுரமான பரம்பரை ஆராய்ச்சிகள், ஒன்றுக்கொன்று சில கிலோமீட்டர் தூரமே உள்ள பாறைகளின் மீன்களுக்குள்ளும் பிறவி வேற்றுமை ஏற்பட்டிருப்பதைக் காட்டின. பக்கத்துப் பக்கத்துக் கிராமங்கள் ஒன்றோடொன்று கொள்வினை கொடுப்பினை இல்லாமல் நெடுங்காலம் வாழ்ந்தாற் போன்ற நிலைமை அது. ஒரு பாறையில் இம்மீன் பூண்டற்றுப் போனால், அடுத்த பாறையிலிருந்து வந்து நிரப்புவாரில்லை. போனது போனதுதான்.

முள்ளும் சாமந்தியும்

வாயை விட்டு வெளிவந்த குஞ்சுக்கு அடுத்த வினாடியே ஆபத்து காத்திருக்கிறது. சிங்கமீன், கல்மீன் முதலிய பகைவர்கள் பாறையிடுக்கில் பதுங்கியிருக்கின்றன. அதுமட்டுமன்று, புகலிடம் அகப்படாத குஞ்சை அதன் சொந்த இனத்துப் பெரிய மீன்களே விழுங்கிவிடுவதும் உண்டு. இத்தனை நாள் பட்டினி கிடந்து காத்த இனமே இவ்வாறும் செய்கிறதென்றால், குஞ்சுக்குப் புகலிடம் எவ்வளவு இன்றியமையாததென்பது விளங்கும்.

அப்புகலிடத்தை அளிப்பவை இரண்டு. ஒன்று கடல் முள்ளெலி: கைப்பிடியளவுள்ள கரிய உருண்டையிலிருந்து சாண் நீளத்திற்கு ஊசிபோல் முட்கள் நீட்டிக்கொண்டிருக்கும் பிராணி. மிதித்தவன் காலில் முறிந்து தங்கிப் பல நாள் வேதனை தரும் அம்முட்களே இம்மீன்களுக்குக் கோட்டை மதில். ஆபத்து நெருங்கியவுடன் கூட்டம் முழுவதும் முட்களினிடையே புகுந்து நின்றுவிடும். உடலிலுள்ள கறுப்புப் பட்டைகள் முட்களின் நிழலோடு கலந்து, மீன் எது முள் எது என்று தோன்றாதபடி செய்துவிடும். மற்றொன்று கடற்சாமந்தி: மலர்போல் விரிந்து, தொட்டதைச் சுடும் இழைகளை உடைய பிராணி. சிறிய குஞ்சுகள் இதன் இழைகளினிடையே பெரிதும் ஒதுங்குகின்றன. கிளைத்த பவளங்களும் பெரிய மீன்களுக்கு இடந்தருகின்றன.

ஆகவே இம்மீனைக் காப்பது என்பது மீனை மட்டும் காப்பதாகாது. முள்ளெலியும், சாமந்தியும், பவளமும், அவற்றைத் தாங்கும் தெளிந்த நீரும் சேர்ந்த ஒரு குடித்தனம் அது. அதில் ஒன்றை நீக்கினால் மற்றவை நிற்கமாட்டா. பங்காய்க் கரையில் முள்ளெலிகளையும் சாமந்திகளையும் உணவிற்காகவும், பிற மீன்களுக்குத் தீனியாகவும் ஜனங்கள் அள்ளிச் செல்லும் வழக்கம் பெருகியதால், ஒருவனும் இம்மீனைத் தொடாத இடங்களிலும் இது குறைந்துபோனதாக ஆராய்ச்சியாளர்கள் கூறுகிறார்கள். வீட்டை இடித்த பிறகு, வீட்டிலிருந்தவனை நாம் அடிக்கவில்லையே என்று சொல்வது சமாதானமாகாது.

இரண்டு மீன்களும் ஒரு பெயரும்

பங்காய் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டு பழகிய இம்மீனை, வெளியுலகம் 'கண்டுபிடித்த' கதை கவனிக்கத் தக்கது. வால்ட்டர் கௌடர்ன் என்னும் ஸ்வீடன் தேசத்து ஆராய்ச்சியாளர் செலிபிஸ் பிரதேசத்தில் சுற்றுப்பிரயாணம் செய்து, அங்குள்ள ஜனங்களின் பழக்கவழக்கங்களையும் பொருள்களையும் பற்றிக் குறிப்பெடுத்து வந்தார். 1920-ஆம் வருஷத்தில் அவர் பங்காய்க் கரையில் இம்மீன்கள் இரண்டைப் பிடித்துக் கொண்டுபோனார். ஹாலந்து தேசத்து லெய்டன் நகரத்துப் பண்டிதரான கூமன்ஸ் என்பவர் 1933-ஆம் வருஷத்தில் அவற்றை ஆராய்ந்து, இது புதிய இனமென்று வெளியிட்டு, கௌடர்னின் பெயரையே அதற்குச் சாஸ்திரப் பெயராகச் சூட்டினார்.

கொண்டுபோனவரின் உழைப்பையும் ஆராய்ந்தவரின் கல்வியையும் நாம் குறைத்துக் கூறவில்லை. ஆனால் ஒன்றைக் குறிக்காமலிருக்க முடியாது. அக்காலத்தில் அந்நாட்டின் மண்ணையும், அம்மண்ணின் மிளகையும் கிராம்பையும் ஆண்டவர்கள் யாரோ, அவர்களே அந்நாட்டு மீனுக்கும் பெயர் வைத்தார்கள். பெயர் வைத்தபின் அதை மறந்தும் விட்டார்கள். 1994-ஆம் வருஷத்தில் ஜெரால்டு ஆலன் என்னும் மீனியல் வல்லுநர் பங்காய்க்குச் சென்று, உயிரோடு உலாவும் இம்மீன்களைப் பார்த்து, அவற்றின் வாழ்க்கையை விவரித்து அடுத்த வருஷத்தில் எழுதினார். அறுபது வருஷ மறதி அவ்வாறு நீங்கியது. மறதி நீங்கியது மீனுக்கு நன்மையாக முடிந்ததா என்பதை இனிப் பார்ப்போம்.

கண்ணாடித் தொட்டியின் பசி

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் செல்வர்கள் வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்து, அதில் கடல் மீன்களை வளர்ப்பது ஒரு பெரிய பொழுதுபோக்காகிவிட்டது. பங்காய் மீனோ அழகுள்ளது, சாதுவானது, ஓரிடத்தில் நின்று காட்சி தருவது. பிடிப்பதும் வெகு எளிது. ஆழ்ந்து மூழ்க வேண்டியதில்லை. கரையோரத்தில் முள்ளெலிக் கூட்டத்தைச் சுற்றி வலை பிடித்து, மீன்களை அதற்குள் ஓட்டினால் போதும். 1995-ஆம் வருஷத்திற்குப் பின் இவ்வியாபாரம் காட்டுத்தீபோல் பரவிற்று.

2000-ஆம் வருஷத்தை ஒட்டிய காலத்தில் ஆண்டொன்றுக்கு 6 லட்சம் முதல் 7 லட்சம் வரையிலும், சில வருஷங்களில் 9 லட்சம் வரையிலும் பிடிக்கப்பட்டதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். இந்த எண்ணிக்கையின் பயங்கரம் விளங்க வேண்டுமானால் மற்றொரு கணக்கையும் அதனருகில் வைத்துப் பார்க்க வேண்டும். இம்மீன் இயற்கையாக வசிக்கும் கரையோரப் பரப்பு முழுவதையும் சேர்த்தாலும் சுமார் 34 சதுர கிலோமீட்டருக்கு மேல் இல்லை. 2004-ஆம் வருஷத்து அளவீட்டின்படி அங்கிருந்த மீன்களின் மொத்தத் தொகை சுமார் 24 லட்சம். ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு ஒவ்வொரு வருஷமும் அள்ளப்பட்டதென்றே ஆகிறது. எந்தக் குடியானவன் தன் விதைநெல்லில் மூன்றிலொரு பங்கை ஆண்டுதோறும் விற்றுத் தின்று, பின்னும் நிலம் விளையுமென்று எதிர்பார்ப்பான்? லிம்போ என்னும் தீவின் கரையில் வாழ்ந்துவந்த ஒரு கூட்டம் 2001-க்கும் 2004-க்கும் இடையில் அற்றுப்போயிற்று. அடுத்த தீவிலிருந்து வந்து நிரப்பும் வழி இல்லையென்பதை முன்பே கண்டோம்.

இவ்வளவு மீனையும் கொடுத்துப் பங்காய்க் கிராமத்தான் பெற்றது என்ன? மீன் ஒன்றுக்கு அவன் கையில் விழுந்தது சில சல்லிகள். அமெரிக்க நகரத்துக் கடையில் அதே மீனின் விலை பல டாலர். இடையில் கிராமத்துத் தரகன், படகு வியாபாரி, துறைமுகத்து ஏற்றுமதியாளன், ஆகாய விமானக் கம்பெனி, இறக்குமதியாளன், கடைக்காரன் என்று வரிசையாக ஒவ்வொருவரும் தத்தம் லாபத்தை எடுத்துக்கொள்கிறார்கள். கிராமத்திலிருந்து தரகனிடமும், தரகனிடமிருந்து துறைமுகத்திற்கும் போகும் வழியில் மூச்சுத் திணறியும் அடிபட்டும் மடியும் மீன்கள் பல. நெருக்கமாக அடைத்து வைத்த மீன்களினிடையே ஒருவகைத் தொற்றுநோய்க் கிருமி பரவிச் சாவை மிகுதியாக்கியதையும் கண்டிருக்கிறார்கள். வழியில் செத்ததற்குக் கிராமத்தானுக்குக் கூலியில்லை. ஆதலால் அந்நஷ்டத்தையும் சேர்த்து ஈடுகட்ட அவன் மேலும் அதிகமாகப் பிடிக்க வேண்டியவனாகிறான்.

மூலப்பொருளை மலிவாகக் கொடுத்து, அதன் பெறுமதி முழுவதையும் பிறர் அனுபவிக்கும்படி விடுவது அந்நிய ஆட்சிக்குட்பட்ட தேசங்களின் தலைவிதியாக இருந்தது. ஆட்சி மாறிய பின்னும் அவ்வியாபார முறை மட்டும் மாறாதிருப்பதற்கு இம்மீன் ஒரு சான்று.

இவற்றோடு வெடி வைத்தும் சயனைடு விஷம் தெளித்தும் உணவு மீன்களைப் பிடிப்போரால் பவளப்பாறைகள் நொறுங்குகின்றன. 2000-ஆம் வருஷத்து மே மாதத்தில் இத்தீவுகளை உலுக்கிய பெரும் பூகம்பமும் பாறைகளுக்குச் சேதம் விளைத்தது. பூகம்பத்தைத் தடுக்க யாராலும் ஆகாது. வெடியைத் தடுக்க ஆகும்.

வேறொரு விபரீதமும் நேர்ந்தது. வியாபாரிகள் தப்பவிட்டும் வேண்டுமென்றே கொட்டியும், சுலாவெசியின் வடகோடியிலுள்ள லெம்பே ஜலசந்தி முதலிய பல இடங்களில் இம்மீன் குடியேறிவிட்டது. பிறந்த வீட்டில் அருகிவரும் மீன், தனக்கு உரிமையில்லாத இடத்தில் பெருகி நிற்கிறது. அங்கே பெருகிவிட்டதே, இனிக் கவலை எதற்கு என்பாரும் உளர். தொப்புள்கொடி விழுந்த ஊரை அழித்துவிட்டு, கூலிக்குப் போன இடத்தில் குடும்பம் பிழைத்திருக்கிறதென்று மகிழ்வதற்கு அது ஒக்கும். தீவுக்குத் தீவு வேறுபட்ட பரம்பரைகள் பங்காயில்தான் உண்டு. அவை லெம்பேயில் இல்லை.

ஹேக் நகரத்து வாதம்

2007-ஆம் வருஷத்தில் ஹாலந்து தேசத்து ஹேக் நகரில், அழிந்துவரும் உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் மகாநாடு கூடிற்று. பங்காய் மீனை அவ்வுடன்படிக்கையின் இரண்டாம் அட்டவணையிற் சேர்க்க வேண்டுமென்று அமெரிக்க ஐக்கிய நாட்டின் பிரதிநிதிகள் தீர்மானம் கொண்டு வந்தனர். அந்த அட்டவணையில் சேர்ந்த உயிரை விற்பதற்கு முழுத்தடை இல்லை. ஏற்றுமதி செய்யும் சர்க்கார், இதனால் இனம் அழியாதென்று ஆராய்ந்து அனுமதிச் சீட்டு வழங்க வேண்டும், அவ்வளவே. இந்தோனேசியா இதை எதிர்த்தது. எங்கள் கடலின் மீனை நாங்களே திட்டமிட்டுக் காப்போம் என்று அதன் பிரதிநிதிகள் கூறினார்கள். தீர்மானம் வாபஸ் பெறப்பட்டது. அதே 2007-இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இம்மீனை அழியும் ஆபத்திலுள்ள இனமாகத் தன் செம்பட்டியலிற் சேர்த்தது. 2016-ஆம் வருஷத்தில் ஜோஹன்னஸ்பர்க் மகாநாட்டில் ஐரோப்பிய ஒன்றியத்தார் அதே யோசனையை மறுபடியும் கொண்டு வந்தார்கள். அதுவும் அட்டவணையில் ஏறாமலே முடிந்தது. அந்த வருஷத்திலேயே அமெரிக்கா தன் சொந்தச் சட்டத்தின் கீழ் இதை ஆபத்துக்குட்பட்ட இனமென்று பிரகடனம் செய்தது. 2023-இல் தன் நாட்டிற்குள் இதன் இறக்குமதியைத் தடுக்கும் விதியொன்றையும் யோசனையாக வெளியிட்டது.

இந்த வாதத்தில் யார் பக்கம் நியாயம்? நம் வாசகர்களிற் பலருக்கு மனம் முதலில் இந்தோனேசியாவின் பக்கமே சாயும். நமக்கும் அவ்வாறே சாய்ந்தது. மீனை வாங்கித் தொட்டியில் அடைத்தவர்களே இப்போது மீனுக்காகக் கண்ணீர் வடிப்பதும், ஒரு காலத்தில் அத்தீவுகளை ஆண்ட தேசத்தின் தலைநகர்ப் பக்கத்திலிருந்து அதற்குச் சட்டம் செய்ய முயல்வதும் ஒரு தன்மானமுள்ள ஜனங்களுக்கு உறுத்தாமலிராது. 1992-ஆம் வருஷத்து உயிரினப் பன்மை உடன்படிக்கையும், ஒவ்வொரு தேசத்தின் உயிர்ச்செல்வமும் அத்தேசத்தின் அதிகாரத்திற்குட்பட்டதென்றே ஒப்புக்கொண்டிருக்கிறது.

ஆனால் உணர்ச்சியோடு நில்லாமல் சற்று ஆழ்ந்து யோசிக்க வேண்டும். 'எங்கள் மீன்' என்று ஹேக் நகரத்தில் சொன்ன சொல், பங்காய்க் கரையில் காவலாக மாறியிருக்க வேண்டும். வாக்குக் கொடுத்த நாளுக்கும், குஞ்சு பெருகும் மாதங்களில் இம்மீனைப் பிடிக்கலாகாதென்று இந்தோனேசிய சர்க்கார் உத்தரவு போட்ட 2018-ஆம் வருஷத்திற்கும் இடையே பதினோரு வருஷங்கள் கழிந்துவிட்டன. இத்தீவுகளைச் சூழ்ந்த பரந்த கடற்பகுதி 2019-இல் பாதுகாப்புப் பிரதேசமாக அறிவிக்கப்பட்டது. இவை நல்ல காரியங்களே, பாராட்டுகிறோம். எனினும் மீனின் தலைமுறைகள் சர்க்கார் காகிதங்களுக்காகக் காத்திருப்பதில்லை. அந்நியன் தலையிடலாகாது என்று சொல்லும் உரிமை, நாமே செய்வோம் என்னும் கடமையோடு பிறந்தது. கடமையை ஒத்திப்போட்டு உரிமையை மட்டும் பேசினால், அப்பேச்சினால் லாபமடைபவன் மீனவனல்லன், ஏற்றுமதி வியாபாரியே.

தடை மட்டும் போதுமா?

இனி, அந்நிய தேசத்தார் இறக்குமதியைத் தடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? அதுவும் ஆகாதென்பதே நமது அபிப்பிராயம். முள்ளெலியும் சாமந்தியும் பறிபோவதை இறக்குமதித் தடை தடுக்காது. வெடியையும் விஷத்தையும் அது தடுக்காது. மீனால் வரும் சிறு வருமானமும் அற்றுப்போனால், கரையோரத்து ஏழைக்கு அந்த மீனும் ஒன்றுதான், வேறு மீனும் ஒன்றுதான். அதைக் காக்க அவனுக்கு முகாந்தரமே இராது.

தொட்டியிலேயே பிறந்த மீன்களை விற்கலாமே என்பது மற்றொரு யோசனை. தந்தையின் வாயில் முழுக் குஞ்சாக வளரும் இம்மீன், மற்றக் கடல் மீன்களைவிட எளிதாகத் தொட்டியில் இனம் பெருக்கும். தாய்லாந்தில் 2012-ஆம் வருஷம் முதல் இவற்றைப் பெருமளவில் வளர்த்து ஏற்றுமதி செய்யத் தொடங்கியதால், காட்டு மீனின் மேலுள்ள சுமை குறைந்ததென்பதும் மெய். மீனுக்கு இது நன்மை. ஆனால் பங்காய்க் கிராமத்தாருக்கு இதில் பங்கு என்ன? அவர்கள் கரையின் விதை வேற்று நாட்டுத் தொட்டியில் முளைத்து, அங்குள்ள முதலாளிக்குப் பலன் தருகிறது. அப்படிப்பட்ட வளர்ப்புக் குளங்கள் பங்காய்க் கரையிலேயே, அவ்வூர்ச் சங்கங்களின் கையிலேயே ஏற்பட்டால், மீனுக்கும் மனிதனுக்கும் ஒருங்கே நன்மை உண்டாகும்.

இது வெறுங்கனவன்று. பங்காய்த் தீவிலுள்ள போனே பாரு என்னும் கிராமத்தார், ஒரு காலத்தில் இம்மீனைப் பிடித்து விற்றவர்களே, பிற்காலத்தில் சங்கமாகக் கூடி அதன் இருப்பிடத்தைக் காக்கும் வேலையையும் மேற்கொண்டார்கள். முள்ளெலி எங்கே இருக்கிறது, குஞ்சுள்ள ஆண் மீன் எப்படி வாய் புடைத்து நிற்கும், எந்தக் குடாவில் எந்த மாதம் குஞ்சு மிகுதி என்பவற்றை அவர்களைப்போல் அறிந்தவர் வேறெவர்? லெய்டன் பண்டிதர் இரண்டு செத்த மீன்களைக் கொண்டு எழுதினார். இவர்களோ உயிருள்ள மீனை நாள்தோறும் கண்ணாற் காண்கிறார்கள். இவர்களுடைய அறிவையும் உழைப்பையும் முதலாகக் கொள்ளாத எந்தச் சட்டமும் காகிதத்திலேயே நின்றுபோகும்.

நமது யோசனை

இந்தோனேசியாவின் 1945-ஆம் வருஷத்து அரசியலமைப்பில் 33-ஆம் பிரிவு, நிலமும் நீரும் அவற்றிலடங்கிய இயற்கைச் செல்வமும் அரசின் வசத்திலிருந்து ஜனங்களின் உச்சமான நலத்திற்கே பயன்பட வேண்டுமென்று விதிக்கிறது. சுதந்திரப் போராட்டத்தின் நடுவே பிறந்த அந்த விதியைக் கண்டு நாம் மகிழ்கிறோம். அது நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் மட்டும் எழுதப்பட்டதன்று. கரையோரத்து முள்ளெலியினடியில் ஒதுங்கி நிற்கும் சிறு மீனுக்கும் அது பொருந்தும்.

அவ்விதி மெய்யாக நிறைவேற வேண்டுமானால் செய்யத்தக்கவை சில. ஒவ்வொரு கிராமத்திற்கும் அதன் கரையோரப் பாறையின் மேல் காவலுரிமையைச் சட்டப்படி அளிக்க வேண்டும். தன் பாறை என்று எண்ணினாலொழிய யாரும் காக்கமாட்டார். ஒவ்வொரு பாறையின் மீனும் தனிப் பரம்பரையாதலால், தீவுகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே அளவு விதிப்பதைவிட்டுப் பாறை தோறும் தனி அளவு விதிக்க வேண்டும். மீனைப் பிடிப்பதைக் கட்டுப்படுத்துவதோடு முள்ளெலியையும் சாமந்தியையும் அள்ளுவதையும் கட்டுப்படுத்த வேண்டும். கிராமத்தானுக்கும் ஏற்றுமதியாளனுக்கும் இடையிலுள்ள தரகு வரிசையைக் கூட்டுறவுச் சங்கங்களால் குறைக்க வேண்டும். நூறு மீனுக்குக் கிடைத்த காசு பத்து மீனுக்குக் கிடைக்குமானால், தொண்ணூறு மீன் பாறையிலேயே நிற்கும். வாங்கும் தேசத்தாரும் தங்கள் கடமையை உணர்ந்து, எங்கிருந்து எவ்வாறு பிடிக்கப்பட்டதென்று தெரியாத மீனை வாங்காதிருக்க வேண்டும்.

பட்டினி கிடந்து தன் வாயிலேயே குஞ்சைக் காக்கும் அம்மீன், ஆபத்து வரும்போது கோட்டை கட்டுவதில்லை. அயலிலுள்ள முள்ளெலியை நம்பி நிற்கிறது. முள்ளெலியோ ஊர்க் கரையை நம்பி நிற்கிறது. கரை, அக்கரையில் வாழும் ஜனங்களை நம்பி நிற்கிறது. அந்த ஜனங்களை அவர்களுடைய அரசு கைவிடாதிருக்குமானால் பங்காய் மீனும் கைவிடப்படாது. 2007-இல் உலகத்தார் முன் கொடுத்த வாக்கை முழுமையாக நிறைவேற்றிக் காட்டும் பொறுப்பு இந்தோனேசியாவின் முன் இன்னும் நிற்கிறது. அதை அவர்கள் நிறைவேற்றுவார்களாயின், சுதந்திர தேசங்கள் தங்கள் இயற்கைச் செல்வத்தைத் தாங்களே காத்துக்கொள்ள வல்லவை என்பதற்கு அதைவிடச் சிறந்த அத்தாட்சி வேறு வேண்டியதில்லை.